உபாத்தியாயர் கற்ற வாசிப்பு

ஒரு சமூகத்தின் கல்வி நிலையை அறிய விரும்புவோர், அச்சமூகத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் உள்ளன, எத்தனை பிள்ளைகள் அவற்றிற் பயில்கின்றனர் என்று கணக்கெடுப்பது வழக்கம். அக்கணக்கு வேண்டியதே. ஆயினும் அதனுள் அடங்காத கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்கு வாசிப்புக் கற்பிக்கும் உபாத்தியாயர், தாம் வாசிப்பதை எவ்வளவு உணர்ந்து வாசிக்கின்றார்? இதனை நம்மவர் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டால் உபாத்தியாயரை அவமதித்ததாகும் என்று அஞ்சுகின்றனர். வண்டியோட்ட முன்வருவோனின் கண்பார்வையைச் சோதிப்பது அவனுக்கு அவமதிப்பாகாது. ஆதலின் இக்கேள்வியையும் நாம் கூசாமற் கேட்கலாம்.

நான் கிள்ளானுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன். ஆங்கில வழியிற் கற்றவன். தமிழ் எழுத்துக்களை என் தாயார் வீட்டிற் கற்பித்தார். தமிழ் நூல்களை நான் கையிலெடுத்தது இருபது வயதுக்குப் பின்னரே. எழுத்துக் கூட்டித் தடையின்றி வாசிக்க எனக்குச் சில மாதங்களே வேண்டியிருந்தன. வாசித்ததன் பொருளைப் பிடிப்பதற்குப் பல வருடங்கள் வேண்டியிருந்தன. நடுவில் இருந்த அக்காலத்தில் என் வாசிப்பைக் கேட்டவர் யாவரும் எனக்குத் தமிழ் நன்றாக வந்துவிட்டதென்றே புகழ்ந்தனர். புகழ்ச்சிக்கும் உண்மைக்கும் இருந்த தூரம் எனக்கு மட்டுமே தெரியும்.

சென்ற விடுமுறையில், எங்கள் தோட்டத்தைச் சேர்ந்த பெண்ணொருத்தி ஒரு புத்தகத்துடன் என்னிடம் வந்தாள். ஆசிரியர் பயிற்சி பெற்றுவரும் பெண்; குடும்பத்தில் முதன்முதலாக மேற்படிப்புக்குச் சென்றவள். ஒரு பக்கத்தை என் முன் வாசித்தாள். உச்சரிப்பில் குறையில்லை, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். "சரியம்மா, இதில் ஆசிரியர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பக்கத்தையே பார்த்திருந்தாள். பிறகு, "அண்ணே, மறுபடியும் வாசிக்கட்டுமா?" என்றாள்.

அந்த விடையே இக்கட்டுரைக்குக் காரணம். பொருளைக் கேட்டால் ஓசையைத் திருப்பித் தருவது அவள் ஒருத்தியின் குறையன்று. அதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தில் என் தொழில் முன்னோராகிய கிராணிமார்க்கும் பங்குண்டு என்பதை மறைக்காமற் கூறவேண்டியவனாயிருக்கிறேன்.

திண்ணையும் மணலும்

நம் முன்னோர் கற்ற திண்ணைப் பள்ளிக்கூடத்தை இக்காலத்தார் பலர் இகழ்கின்றனர்; வேறு சிலர் அளவுக்கு மீறிப் போற்றுகின்றனர். இரண்டும் வேண்டா. அங்குப் பிள்ளை மணலில் எழுத்தெழுதிக் கற்றது. நீதி நூல்களையும் நிகண்டையும் எண்சுவடியையும் மனப்பாடஞ் செய்தது. நூல் முதலில் நாவில் ஏறியது. பொருள் பின்னர் வந்தது. ஏட்டுச் சுவடிகள் அரியனவாயிருந்த நாளில் நினைவே நூல் நிலையமாயிருந்தது. ஆகையால் அம்முறை அக்காலத்துக்கு அறிவற்றதன்று. மனப்பாடத்துக்குப் பின் பொருள் விரிக்கும் ஆசான் கிடைத்தவன் புலவனானான். அவ்வாசான் கிடைக்காதவனிடம் ஓசை மட்டும் தங்கிவிட்டது.

இவ்வேறுபாட்டைப் பழந்தமிழர் அறியாதவரல்லர். நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டுப் பொருள்களுக்கு ஒப்பிடுகின்றார். சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளிக்கு அவர் தலையிடம் கொடுக்கவில்லை, இடைத்தரத்திலேயே வைத்தார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததைப் பின் அசைபோடும் பசுவுமே முதல் மாணாக்கர். கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்ல மாட்டாதவரை வள்ளுவர் மணமில்லாத மலர்க்கொத்துக்கு ஒப்பிட்டதும் இக்கருத்துப் பற்றியே.

சென்னையில் எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் விடுதியின் பொறுப்பில் 1789ஆம் வருடம் முதல் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனையும், மூத்த மாணாக்கன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் தம் விடுதியிற் கையாண்டார். 1797ஆம் வருடம் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளை எழுத்தறியச் செய்ய அம்முறை வல்லது. ஆனால் கற்பிப்பவனும் சிறுவனே. எழுத்தைச் சொல்லிக்கொடுக்க அவனால் முடியும். கருத்தை விரிக்க இயலாது. பயிற்சி பெறாத உபாத்தியாயரால் வரும் குறை இங்கிலாந்துக்கும் பொதுவாயிற்று.

தோட்டத்துப் பள்ளிக்கூடம்

மலாயாவில் பால்மரத் தோட்டங்கள் பெருகிய காலத்தில் நம்மவர் ஆயிரமாயிரமாக வந்து லயங்களில் குடியேறினர். ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1912ஆம் வருடத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் அமைக்குமாறு செய்யத் தோட்ட முதலாளிகளுக்குக் கடமை விதித்தது. 1923ஆம் வருடச் சட்டமும் 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைக் குறித்து அக்கடமையை வலியுறுத்தியது. சட்டம் நல்லதே. ஆனால் அது பள்ளிக்கூடத்தைக் கேட்டதேயன்றி, உபாத்தியாயரின் தகுதியைக் கேட்கவில்லை.

விளைவு யாது? ஆயாக்கொட்டகையின் ஓரத்திலோ லயத்தின் கடைசி அறையிலோ பள்ளி நடந்தது. கற்பித்தவர் பெரும்பாலும் வேறு வேலைக்காரர். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கங்காணி, செக்ரோல் எழுதிய கிராணி, மருந்து கட்டிய டிரசர், சிறிது எழுத்தறிந்த தொழிலாளி ஆகியோரில் ஒருவர் சில மணி நேரம் உபாத்தியாயரானார். என் தொழில் முன்னோரை நான் பழிக்கவில்லை. பகலெல்லாம் துரைக்குக் கணக்கெழுதி, மிஞ்சிய நேரத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்கி உட்கார வைப்பதே பெரிய காரியம். பலர் அன்போடு செய்தனர். ஆயினும் அவர்கள் செய்தது யாது என்பதை நேராகப் பார்க்கவேண்டும். செக்ரோலில் பெயர்களைக் கூப்பிடுவது போலவே பாடத்தையும் கூப்பிட்டனர். பெயருக்குப் பதில் வந்தால் ஆள் வந்துவிட்டான் என்பது கணக்கு. சொல்லுக்கு ஓசை வந்தால் பாடம் வந்துவிட்டது என்பதும் அதே கணக்கு.

அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையும் இப்போக்கை மாற்றவில்லை. மாணாக்கரின் வருகையையும், பரீட்சையில் அவர் காட்டும் தேர்ச்சியையும் அளவாக வைத்துப் பணம் கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கு 1862ஆம் வருடம் ராபர்ட் லோ என்பவர் இதைச் சட்டமாக்கினார். கவிஞரும் பள்ளிப் பரிசோதகருமான மாத்யூ ஆர்னால்டு இதை இடைவிடாது கண்டித்தார். பரிசோதகர் எந்தப் புத்தகத்தைக் கேட்பார் என்பது முன்னமே தெரியுமாதலால், பிள்ளைகள் அப்புத்தகத்தை ஏறக்குறைய மனப்பாடமாகவே ஒப்பித்துத் தேறிவிடுவர் என்பது அவர் கண்ட குறை. பரிசோதகர் திருப்தியுற்றார், பணமும் வந்தது, வாசிப்பு மட்டும் வரவில்லை. கிளிக்குப் பழம் கொடுக்கும் ஏற்பாட்டில் அன்னம் வளருமா?

தோட்டத்துப் பள்ளிகள் பெரும்பாலும் நான்காம் வகுப்போடு நின்றன. அதற்கு மேற் படித்தவனுக்கு நகரமே கதி. கோலாலம்பூரில், தம்புசாமிப் பிள்ளை போன்ற செல்வர்கள் கோயிலுக்கும் கல்விக்கும் பொருள் வழங்கினர். 1893ஆம் வருடம் தோன்றிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷனின் தொடக்க தருமகர்த்தாக்களில் அவரும் ஒருவர். அஃது ஆங்கிலப் பள்ளி. பிரிக்பீல்ட்ஸில் 1904ஆம் வருடம் விவேகானந்த ஆசிரமம் தோன்றியது. அதன் பெயரால் தமிழ்ப்பள்ளியும் எழுந்தது. நகரத்துப் பிள்ளைக்கு இவ்வாறு சில வாயில்கள் திறந்திருந்தன. தோட்டத்துப் பிள்ளைக்கு லயத்தின் வாயில் ஒன்றே. ஆறாம் ஏழாம் வகுப்புவரை எப்படியோ எட்டிய ஒருவன் மீண்டும் தோட்டத்துக்கே உபாத்தியாயராக வந்தால், தான் கற்ற ஓசை வாசிப்பையே அடுத்த தலைமுறைக்கும் கற்பித்தான். வட்டம் இவ்வாறு மூடிக்கொண்டது.

பயிற்சி எங்கே இருந்தது?

இதே நாட்டில் பிறருக்கு நடந்ததை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். சென்னையில் அரசாங்க நார்மல் பாடசாலை 1856ஆம் வருடமே தொடங்கியது; பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாகப் புகழ்பெற்றதும் அதுவே. மலாய் உபாத்தியாயர்க்காக 1922ஆம் வருடம் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. ஈராண்டுகளில் மொழிபெயர்ப்பு அலுவலகமும் அங்கே அமைந்தது. ஜஅபா என்று அறியப்பட்ட அறிஞர் ஜைனால் அபிடின் பின் அகமது அங்கிருந்து மலாய் மொழிக்கு நூல்களைத் தந்தார். உபாத்தியாயரைப் பயிற்றுவிக்கும் இடமும், அவர் வாசிக்கவேண்டிய நூல்களை ஆக்கும் இடமும் ஒன்றாயிருந்தமை அதன் சிறப்பு. அக்கல்லூரியில் கற்றவர்கள் பின்னாளில் மலாய் எழுத்துலகிலும் அரசியலிலும் முன்னின்றது தற்செயலன்று.

தமிழ் உபாத்தியாயர்க்கு அவ்வாறு ஒரு கல்லூரி அக்காலத்தில் எழவில்லை. 1936ஆம் வருட இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். ஆங்கிலச் சொல்வன்மைக்கு உலகப் புகழ் பெற்ற அவர், தம் இளமையில் திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்தவர். அவருடைய அறிக்கை 1937ஆம் வருடம் வெளிவந்தது. தமிழ்ப் பள்ளிகளின் குறைகள் அதனால் அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்தன. அவ்வருடத்திலேயே தமிழ் உபாத்தியாயர்க்குப் பகுதிநேரப் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. முதற் சட்டம் பிறந்து 25 வருடங்கள் கழிந்த பின்னரே, சட்டம் கேட்ட பள்ளிக்கு உபாத்தியாயரை ஆக்கும் வேலை தொடங்கிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

இதில் தொழிலாளர் உறங்கிக் கிடந்தனர் என்று எவரும் எண்ணவேண்டா. 1941ஆம் வருடம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராயிருந்த ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்று சிறைப்பட்டார், நாடு கடத்தப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பலியாயின. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற இழிவை நீக்கவும், கள்ளுக்கடைகளை மூடவும், கூலியை உயர்த்தவும் கேட்ட அதே கோரிக்கைகளுள், தங்கள் பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்பதும் ஒன்று. எழுத்தறியாத தகப்பன் தன் பிள்ளைக்காகத் தன் வேலையையே பணயமாக வைத்துக் கேட்டது எழுத்துக் கூட்டும் வித்தையை மட்டுமா? அவன் கேட்டது, தன் செக்ரோலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உணரும் பிள்ளையை.

யுத்தத்துக்குப் பின் நிலைமை மெல்ல மாறியது. 1956ஆம் வருட ரசாக் அறிக்கை தமிழ்ப் பள்ளியைத் தேசியக் கல்வி முறையினுள் ஏற்று, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டத்தை வகுத்தது. அதுவரை சென்னை மாகாணத்துப் பாடப் புத்தகங்களை நம்பியிருந்த பள்ளிகளுக்கு இந்நாட்டையே பொருளாகக் கொண்ட புத்தகங்கள் வரலாயின. 1957ஆம் வருடம் பகல்நேரப் பயிற்சி நிலையங்கள் தோன்றின. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956ஆம் வருடம் இந்தியப் பகுதி தொடங்கியது. அதற்காகத் தொழிலாளரும் தங்கள் கூலியிலிருந்து 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குப் பணம் கொடுத்தனர், கோ. சாரங்கபாணியார் அதற்காக உழைத்தார். 1966ஆம் வருடம் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. ஒரு பக்கம் ஆராய்ச்சி மாநாடு. மறு பக்கம் லயத்துப் பள்ளி. இரண்டுக்கும் இடையே பாலமாக நிற்கவேண்டியவர் உபாத்தியாயரே. பாலம் வலுவாயிருந்ததா என்பதே நம் கேள்வி.

வாசிப்பாவது யாது?

இங்கு நாம் சற்று நின்று, வாசிப்பைப் பற்றி உலக அறிஞர் கண்டறிந்ததைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

1917ஆம் வருடம் அமெரிக்காவில் எட்வர்டு தார்ன்டைக் என்ற உளநூலறிஞர், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறு பத்திகளைக் கொடுத்து, பத்தி கண்முன் இருக்கும்போதே கேள்விகள் கேட்டார். ஒரு பத்தி பள்ளி வருகை விதியைப் பற்றியது: 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் எந்நாட்களில் வரவேண்டும், எக்காரணங்களால் வாராதிருக்கலாம் என்பது அதன் பொருள். நம் தோட்டச் சட்டம் கூறிய வயதும் அதுவே என்பது வியப்பு. பத்தியின் ஒவ்வொரு சொல்லையும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளும் தவறான விடைகளை எழுதினர். ஏதேனும் ஒரு சொல் கண்ணைக் கவர, அதையே பற்றிக்கொண்டு மற்றச் சொற்களை விட்டுவிட்டனர். வாசித்தல் ஒரு கணக்கைத் தீர்ப்பது போன்ற சிந்தனைத் தொழில் என்று அவர் முடிவு கூறினார். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய எடையைக் கொடுத்து நிறுத்துப் பார்ப்பதே வாசிப்பு.

1932ஆம் வருடம் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரடெரிக் பார்ட்லெட் வேறோர் உண்மையைக் காட்டினார். அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயரிடம் வாசிக்கக் கொடுத்துப் பின்னர் எழுதச் சொன்னார். தங்களுக்குப் பழக்கமில்லாத செய்திகளை அவர்கள் விட்டனர், அல்லது மாற்றினர். தோணி படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. வாசிப்போன் வெறுங்கையோடு நூலுக்குட் போவதில்லை. தன் உலகத்தைக் கையிற் கொண்டே போகிறான். ஏற்றமும் களத்துமேடும் கண்டறியாத பால்மரத் தோட்டத்துப் பிள்ளைக்குச் சென்னைப் பாடப் புத்தகம் வெற்றோசையாக நின்றதற்குக் காரணம் இதுவே. அப்பிள்ளையின் உபாத்தியாயரும் இங்கேயே பிறந்தவராயின் அவர் நிலையும் அதுவே.

1946ஆம் வருடம் எம்மெட் பெட்ஸ் என்பவர் வாசிப்பை மூன்று நிலைகளாக வகுத்தார். பிறர் உதவியின்றித் தானே உணர்வது ஒரு நிலை. ஆசிரியர் துணையோடு உணர்வது மற்றொன்று. முயன்றும் உணராது சோர்ந்துபோவது மூன்றாவது. ஒருவரே ஒரு நூலில் முதல் நிலையிலும் வேறொரு நூலில் மூன்றாம் நிலையிலும் இருக்கக்கூடும். 1953ஆம் வருடம் வில்சன் டெய்லர் எளிய சோதனையொன்றை வகுத்தார்: பத்தியில் ஐந்து சொல்லுக்கு ஒரு சொல்லை நீக்கிவிட்டு, அவ்விடத்தை நிரப்பச் சொல்வது. கருத்தின் ஓட்டத்தைப் பிடித்தவனே நிரப்புவான்; மனப்பாடக்காரன் திகைப்பான். 1986ஆம் வருடம் காஃப், டன்மர் என்னும் இருவர், வாசிப்பென்பது எழுத்தை ஒலியாக்கும் திறமையையும் மொழியை உணரும் திறமையையும் பெருக்கி வரும் தொகை என்றனர். பெருக்கலில் ஒன்று பூச்சியமாயின் விடையும் பூச்சியமே.

தமிழ் வாசிப்புக்கென்று தனி இடர்ப்பாடுகளும் உண்டு. எழுத்துக்கள் 247 என்று சொன்னாலும், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு ஓரளவு சீரானது. ஆகையால் எழுத்துக் கூட்டுதல் விரைவில் வந்துவிடுகிறது. 1935ஆம் வருடம் பெரியார் தம் பத்திரிகையில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1978ஆம் வருடம் ஏற்றதனால், வேற்றுருவம் கொண்டிருந்த 13 எழுத்துக்களின் தொல்லையும் நீங்கிற்று. கண்ணுக்கு வேலை குறைந்தது. ஆயினும் கருத்துக்கு வேலை குறையவில்லை. பேச்சுத் தமிழ் ஒன்று, ஏட்டுத் தமிழ் மற்றொன்று. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியிலேயே வருவதால், வாசிப்போன் எழுவாயையும் இடையில் வந்த எச்சங்களையும் மனத்தில் ஏந்திக்கொண்டே செல்லவேண்டும். நடுவில் ஒன்று நழுவினால் முடிவு விளங்காது. சொற்கள் புணர்ந்து உருமாறும்: மண்ணாலாகிய குடத்தை 'மட்குடம்' என்று கண்டவுடன் பிரித்தறியாதவன், அறிந்த சொல்லையே அறியாத சொல்லென மயங்குவான். எளிதில் ஒலிக்க முடிவதாலேயே உணராமை மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அறியாத சொல் வந்தால் நா தடுமாறும், கேட்பவருக்குத் தெரிந்துவிடும். தமிழில் நா தடுமாறாது. நோய் வெளியே தெரியாதிருப்பதே நோயைக் காட்டிலும் கொடியது.

இன்றைய பயிற்சியாளர்

இன்று காலம் பெரிதும் மாறியுள்ளது. 1957ஆம் வருடம் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் அழிந்த காரணங்களால் குறைந்து, ஏறத்தாழ 530 ஆக நிற்கின்றன. அவற்றுட் பல நகர்ப்புறத்துக்கு வந்துவிட்டன. கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப் பள்ளிகளுள் ஒன்றாக விளங்குகிறது. கங்காணி உபாத்தியாயராகும் காலம் ஒழிந்தது. பயிற்சிக் கல்லூரிகள் ஆசிரியர் கல்விக் கழகங்களாயின. 2007ஆம் வருடம் முதல் அங்கே பட்டப் படிப்பே நடைபெறுகிறது. கோலாலம்பூரில் லெம்பா பந்தாயிலும் செராசிலும் அவற்றின் வளாகங்கள் உள்ளன. சட்டத்தின் குறை தீர்ந்தது. கட்டடத்தின் குறை தீர்ந்தது. தகுதிச் சான்றிதழின் குறையும் தீர்ந்தது.

ஆனால் பயிற்சியாளரின் சுமை குறையவில்லை. கல்வியியல் நூல்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கவேண்டும். இலக்கணத்தையும் இலக்கியத்தையும் தமிழில் வாசிக்கவேண்டும். மூன்று மொழிகளில் ஒன்றிலேனும் தானே உணர்ந்து வாசிக்கும் முதல் நிலையை எட்டாதவர், மூன்றிலும் தோராயமாக வாசிக்கப் பழகிவிடுவார். இக்குறை தமிழரை மட்டும் பற்றியதென்றும் எண்ணவேண்டா. 15 வயது மாணாக்கரைச் சோதிக்கும் பீசா என்ற உலகத் தேர்வில், வாசிப்புக்கு மலேசியா 2018ஆம் வருடம் பெற்ற புள்ளி 415. 2022ஆம் வருடம் 388. இம்மாணாக்கருள் சிலரே நாளை உபாத்தியாயராவர்.

மணியின் கதை

புத்தகத்தோடு வந்த அப்பெண்ணுக்கு அன்று நான் ஒரு வாக்கியத்தை எழுதிக் காட்டினேன்: "தோட்டம் விற்கப்பட்ட மறு மாதமே பள்ளிக்கூடத்து மணி ஓய்ந்தது." மணி எப்போது ஓய்ந்தது என்றேன். உடனே சொன்னாள். ஏன் ஓய்ந்தது என்றேன். "மணி பழுதாகியிருக்கலாம்" என்றாள். நான் ஒன்றும் கூறாதிருந்தேன். சிறிது நேரத்துக்குப் பின் அவள் முகம் மாறியது. "எங்கள் பாட்டி இருந்த தோட்டத்திலும் இப்படித்தான் அண்ணே. ஆட்கள் போனார்கள், பிள்ளைகள் போயின, அப்புறம் மணியடிக்க யார் இருக்கிறார்கள்?" என்றாள்.

வரியில் உள்ளதை எடுப்பது முதற்படி. வரிகளுக்கிடையே உள்ளதை உய்த்துணர்வது இரண்டாம் படி. அவள் முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறியது என் கண்முன் நிகழ்ந்தது. அவளுக்கு அறிவு குறைவில்லை, அனுபவமும் குறைவில்லை. தன் பாட்டியின் கதையை ஏட்டில் உள்ள வாக்கியத்தோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று பன்னிரண்டு வருடப் பள்ளி வாழ்க்கையில் எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவ்வளவே.

மூன்றாம் படி ஒன்று உண்டு: எழுதியதை எடைபோட்டுத் தீர்ப்புக் கூறுவது. ஒரு முதலாளி நிலத்தை விற்பதனால் ஒரு பள்ளி சாகலாமா என்று கேட்பது. இக்கேள்வியை மாணாக்கர் கேட்கவேண்டுமானால் உபாத்தியாயர் முன்னரே கேட்டிருத்தல் வேண்டும். தான் ஏறாத படியில் பிறரை ஏற்றுவது எங்ஙனம்?

செய்யத்தக்கன

ஆகவே, பயிற்சிக்கு வருவோர் ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே எந்நிலையில் வாசிக்கின்றனர் என்று அறியப்படவேண்டும். அது வடிகட்டித் தள்ளுவதற்கன்று. டிரசர் காய்ச்சலை அளப்பதுபோல மருந்து கொடுப்பதற்கே. குறை கண்டவருக்கு வெட்கம் வாராதவாறு தனியே உதவி வேண்டும். கருத்துணர்தல் என்று நாம் அழைக்கும் பாடத்தில், கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிக் கண்டு அவ்வரியையே பெயர்த்தெழுதும் பழக்கத்துக்கு மதிப்பெண் கொடுப்பதை நிறுத்தவேண்டும். வாசித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொல்லாற் கூறுதல், வாய்விடாது வாசித்தல், நீண்ட வாக்கியத்தை அவிழ்த்து எழுவாயும் வினையும் காட்டுதல், புணர்ந்த சொல்லைப் பிரித்தல் ஆகியவை நாள்தோறும் நடைபெறவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சியாளர் பரீட்சைக்கல்லாத நூல்களை வாசிக்கவேண்டும். பரீட்சைக்கு மட்டும் வாசிக்கும் உபாத்தியாயர், ஆர்னால்டு கண்ட பிள்ளைகளையே மறுபடியும் உண்டாக்குவார்.

அரசாங்கத்தை மட்டும் நோக்கி நிற்பது நமக்கு அழகன்று. தோட்டத்திலும் நகரத்திலும் கொஞ்சம் படித்த நம்மவர், விடுமுறைக்கு வரும் பயிற்சியாளரோடு அமர்ந்து ஒரு பத்தியை வாசித்து அதைப் பற்றி உரையாடலாம். செலவு ஒன்றுமில்லை; சான்றிதழும் வேண்டா. ஒரு காலத்தில் கிராணியிடம் ஒப்படைக்கப்பட்ட பள்ளியில் பிள்ளைகள் ஓசையோடு நின்றனர். அக்கடனில் ஒரு சிறு பகுதியையேனும் இன்றைய கிராணி ஒருவன் திருப்பித் தர முடியுமாயின் அதுவே எனக்குப் போதும்.

விடுமுறை முடிந்து செல்லுமுன் அப்பெண் மீண்டும் வந்தாள். முன்பு வாசித்த அதே பக்கத்தைத் தன் சொற்களில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஓரிடத்தில் ஆசிரியர் கருத்தை அவள் தவறாகவும் கொண்டிருந்தாள். நான் அதைச் சுட்டினேன். அவள் ஒப்பவில்லை. புத்தகத்தைத் திறந்து, ஒரு வரியைக் காட்டி, "இல்லை அண்ணே, இந்தச் சொல்லைப் பாருங்கள்" என்று என்னோடு வாதாடினாள். மறுபடி வாசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி.